பிரஸ்ஸில் இருக்கும் நாஸ் பெட்டியை கிளவுடுக்கு பேக்கப் எடுக்க வேண்டும், அதுவும் ஆடி 18-க்குள்

பிளேட்ரூம் | 14 ஜூன் 2024

வணக்கம். சிவகாசியில் சித்தப்பா நடத்தும் ஆஃப்செட் பிரஸ்ஸில் பிரீபிரஸ் என் பொறுப்பு. டிசைன், புரூஃப், பிளேட் வரைக்கும் நான். மெஷின் பக்கம் தம்பி பார்த்துக்கொள்கிறான். லேபிள், நோட்டு அட்டை என்று கொஞ்சம் உண்டு, மீதி முழுக்க காலண்டர். ஆடி 18-க்கு ஆல்பம் (அடுத்த வருஷ காலண்டர் டிசைன்களின் மாதிரிப் புத்தகம்) வெளியே வந்தாக வேண்டும் என்பது இந்த ஊரில் எழுதாத சட்டம். அதனால் இன்னும் ஏழு வாரத்துக்கு எங்களுக்குத் தூக்கம் கிடையாது. இந்த நேரத்தில் போய் பேக்கப் பற்றிக் கேட்கிறானே என்று நினைக்காதீர்கள். கேட்க வைத்த சம்பவம் போன மாதம் நடந்தது.

ஆபீஸில் சினாலஜி டிஎஸ்220 பிளஸ் என்ற நாஸ் பெட்டி (எல்லா கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாகப் பகிரும் டிஸ்க் பெட்டி) ஒன்று இருக்கிறது. இரண்டு 4 டிபி டிஸ்க், மிரர் போட்டது. 2021-இல் வைத்துக்கொடுத்த சர்வீஸ்காரர், "ரெண்டு காப்பி இருக்கு சார், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும், தனியா பேக்கப்பே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். போன வருஷம் உண்மையாகவே ஒரு டிஸ்க் போனது. புதுசு மாற்றினோம், ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. அவர் மேல் இருந்த நம்பிக்கை இன்னும் ஏறிவிட்டது.

புதிதாகச் சேர்ந்த பையன், பெட்டி நிறைந்துவிட்டது என்று பழைய ஃபோல்டர்களைக் கழித்துக்கொண்டிருந்தான். 'சாமி படம்' என்ற ஃபோல்டரும் அதோடு போனது. பையனைத் திட்டிப் பயனில்லை. பக்கத்திலேயே 'சாமி படம் பழசு', 'சாமி படம் பழசு 2', 'சாமி படம் புதுசு பழசு' என்றெல்லாம் பெயர் வைத்திருந்தது நான்தான். ரீசைக்கிள் பின் அணைத்து வைக்கப்பட்டிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. மிரர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது: ஒரு டிஸ்கில் அழித்ததை மற்றதிலும் அப்படியே அழித்துக் கொடுத்தது.

அந்தப் படங்கள் தாத்தா காலத்தில் ஓவியர்களிடம் வரைந்து வாங்கியவை. லட்சுமி, பழனி முருகன், மீனாட்சி கல்யாணம், ஒரு நவநீத கிருஷ்ணன். டிரான்ஸ்பரன்சி என்ற பாசிட்டிவ் ஃபிலிமிலிருந்து டிரம் ஸ்கேன் எடுத்து வைத்தவை. டிரான்ஸ்பரன்சியில் பாதி இப்போது பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது, திரும்ப ஸ்கேன் எடுக்க வழியில்லை. வேலையை விட்டுப் போன டிசைனர் அண்ணன் ஒருவர் தன் வீட்டு ஹார்டு டிஸ்கில் ஒரு காப்பி வைத்திருந்தார். ஏன் வைத்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. 2019 வரைக்கும் கிடைத்தது. அதன் பிறகு டச்சப் செய்த நாற்பது படம் போனது போனதுதான்.

இப்போது கணக்கு. மொத்தம் 2.9 டிபி நிறைந்திருக்கிறது. பிளேட்டுக்குப் போன வெளியீட்டு ஃபைல்கள் 1.2 டிபி. கோரல், போட்டோஷாப் ஜாப் ஃபைல்கள் 1.05 டிபி. சாமி படம், இயற்கைக்காட்சி, குழந்தை படம் என்று மூலப் படங்கள் 380 ஜிபி. டேலியும் ஆபீஸ் கணக்கும் 12 ஜிபி. மிச்சம் என்ன என்று எனக்கே தெரியாது, இரண்டு மூன்று சினிமா இருக்கிறது. நெட் 100 எம்பிபிஎஸ் ஃபைபர், ஆனால் அப்லோடு அளந்து பார்த்தால் 40-ஐத் தாண்டவில்லை.

எந்த சேவை, மாதம் எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஏறும்? அப்புறம் சித்தப்பா கேட்கும் ஒரே கேள்வி: "நம்ம டிசைன் வெளியே போயிராதாடா?" ஆல்பத்துக்கு முன்னால் அடுத்த பிரஸ்காரர் கண்ணில் டிசைன் பட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான், அவர் பயம் நியாயமானது.


மலையடிவாரம் | 14 ஜூன் 2024

8 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வாங்கி, வாரம் ஒரு தடவை காப்பி போட்டு பீரோவில் வையுங்கள் அண்ணாச்சி. ஒரே செலவோடு முடிந்தது. கிளவுடுக்கு மாதாமாதம் தண்டம் அழுவானேன்? உங்கள் சித்தப்பா கவலையும் தீர்ந்தது.


பேட்ச்கார்டு | 15 ஜூன் 2024

தம்பி (சித்தப்பா பிரஸ் என்கிறீர்கள், என்னைவிடச் சின்னவராகத்தான் இருப்பீர்கள்), கோயம்புத்தூரில் பதினாறு வருஷமாக சின்ன ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுக்கொடுக்கிறேன். நீங்கள் சொன்ன சர்வீஸ்காரர் சொன்னதை நானும் ஒரு காலத்தில் வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறேன், அதனால் அவரைத் திட்ட எனக்குத் தகுதியில்லை. மிரர் என்பது டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் இருக்க வைத்தது. கை தவறி அழித்ததற்கும் வைரஸுக்கும் அது ஒன்றும் செய்யாது.

மலையடிவாரம் சொல்லும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் வேண்டும், அதை விடாதீர்கள். அந்த பீரோ எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. பிரஸ்ஸிலேயே இருந்தால், பேப்பர் கட்டுக்கு நடுவில் தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இடி இறங்கினாலும் அப்படித்தான், டிஸ்க் அந்த நேரம் செருகியிருந்தால். மூன்று காப்பி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்று ஒரு கணக்கு உண்டு. அதைப் பிரபலமாக்கியது பீட்டர் குரோக் என்ற போட்டோகிராஃபர், கம்ப்யூட்டர்காரர் இல்லை. படத்தை இழந்தால் என்ன ஆகும் என்பது படக்காரர்களுக்குத்தான் முதலில் உறைத்திருக்கிறது.

கிளவுடுக்குப் போகும் முன் இன்றைக்கே இரண்டு வேலை. ரீசைக்கிள் பின்னைப் போடுங்கள். அதோடு, பெட்டி பிடிஆர்எஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். டிஎஸ்220 பிளஸ் அதைத் தாங்கும். ஆகியிருந்தால் ஸ்னாப்ஷாட் ரெப்ளிகேஷன் பேக்கேஜை ஏற்றி, ஷேர்டு ஃபோல்டர்களுக்கு மணிக்கு ஒன்று ஸ்னாப்ஷாட் (ஃபோல்டர் அந்த நேரத்தில் இருந்த நிலையின் பதிவு) வையுங்கள். காசு கிடையாது. போன மாதம் இது இருந்திருந்தால் சாமி படம் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்திருக்கும், அந்த டிசைனர் அண்ணனின் ஹார்டு டிஸ்க் ரகசியமும் வெளியே வந்திருக்காது.

எதை ஏற்றுவது என்பதற்கு முன் எதை ஏற்றக் கூடாது என்று பாருங்கள். பிளேட் வெளியீடு 1.2 டிபி என்கிறீர்கள். அது ரிப் (ஜாப் ஃபைலைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் சாஃப்ட்வேர்) துப்பிய 1 பிட் டிஃப் ஃபைல்தானே? 20-க்கு 30 இன்ச் ஷீட், 2400 டிபிஐ என்று வைத்தால் ஒரு பக்கம் 48,000 புள்ளி, இன்னொரு பக்கம் 72,000 புள்ளி. பெருக்கி எட்டால் வகுத்தால் ஒரு கலருக்கே 432 எம்பி, நாலு கலருக்கு 1.7 ஜிபி. அமுக்கிச் சேமித்தால் குறையும், இருந்தாலும் சுமைதான். இந்த ஃபைல் தொலைந்தால் என்ன? ஜாப் ஃபைலை மறுபடி ரிப்பில் போட்டால் வந்துவிடும். ரீபிரிண்ட் அடிக்கடி வரும் ஜாப் என்றால் மட்டும் யோசியுங்கள். வெளியீட்டுக்குத் தனி ஷேர்டு ஃபோல்டர் போட்டு, அதை பேக்கப்பிலிருந்து விட்டுவிடுங்கள். சினிமாவையும். மீதி 1.43 டிபி, இன்னும் ஒரு 12 ஜிபி கணக்கு.

சினாலஜியில் கிளவுட் சிங்க் என்று ஒரு பேக்கேஜ் இருக்கும், சுலபமாக இருக்கிறதே என்று அதில் கை வைக்காதீர்கள். சிங்க் என்றால் இங்கே அழித்தது அங்கேயும் அழியும். மிரரை ஆகாயத்துக்கு நீட்டிய மாதிரி. அதற்குப் பக்கத்தில் ஹைப்பர் பேக்கப் இருக்கும், அதுதான் நமக்கு வேண்டியது. அது பதிப்பு பதிப்பாக வைக்கும், மாறிய துண்டுகளை மட்டும் மேலே அனுப்பும். ஸ்மார்ட் ரீசைக்கிள் என்ற முறையைப் போட்டால் கடைசி ஒரு நாளுக்கு மணிவாரியாக, ஒரு மாதம் வரை நாள்வாரியாக, அதற்கு முந்தையது வாரவாரியாக நிற்கும். எத்தனை பதிப்பு என்ற எண்ணிக்கையைத் தாராளமாக வையுங்கள். உங்கள் ஊரில் ஜனவரியில் கெட்டுப்போன ஃபைலை ஜூனில்தான் திறந்து பார்ப்பீர்கள்.

சேவைக்கு நான் சின்ன ஆபீஸ்களில் போடுவது பேக்பிளேஸ் பி2. 2024-இல் டிபிக்கு மாதம் 6 டாலர். 2023 அக்டோபர் வரை 5 ஆக இருந்தது. 1.43 டிபிக்கு 8.58 டாலர், நம் காசில் 720 ரூபாய் சுற்றி வரும். வைத்திருக்கும் அளவைப் போல மூன்று மடங்கு வரை மாதத்துக்கு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அதனால் ஆபத்து நாளில் பில்லைப் பார்த்து மயக்கம் வராது. அவர்களிடம் கம்ப்யூட்டருக்கு என்று ஒரு வரம்பில்லாத பிளான் இருக்கிறது, அதை வாங்கி ஏமாறாதீர்கள், அது நாஸை எடுக்காது. வசாபி என்ற சேவையும் நல்லதுதான், ஆனால் 1 டிபிக்குக் குறைவாக வைத்தாலும் 1 டிபிக்குக் காசு, போட்டதை 90 நாளுக்குள் அழித்தாலும் 90 நாளுக்கும் காசு. டிசைனை நாளுக்கு ஏழு தடவை மாற்றும் இடத்துக்கு அது பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். ஹைப்பர் பேக்கப்பில் டாஸ்க் உருவாக்கும்போதே கிளையன்ட் சைடு என்கிரிப்ஷன் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். உங்கள் பெட்டியிலேயே பூட்டி, பூட்டிய நிலையில்தான் வெளியே போகும். அங்கே உட்கார்ந்து பக்கெட்டை (கிளவுடில் உங்கள் ஃபைல்கள் இருக்கும் இடம்) திறந்து பார்ப்பவருக்கு முருகன் தெரிய மாட்டார். ஆனால் டாஸ்க் போட்ட பிறகு நினைவு வந்து டிக் செய்ய முடியாது, புதிதாகப் போட வேண்டும். பாஸ்வேர்டு வைத்ததும் ஒரு சாவி ஃபைல் டவுன்லோடு ஆகும். இந்த இரண்டும் தொலைந்தால் கடவுளே வந்தாலும் திறக்காது. சாவியை அதே நாஸில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, சாவியை ஒரு பென் டிரைவில் போட்டு, சித்தப்பா வீட்டு நகை லாக்கரில் வையுங்கள். டிசைன் மேல் இவ்வளவு பயம் உள்ளவர் அதை பத்திரமாக வைத்திருப்பார்.

நேரம்: 40 எம்பிபிஎஸ்ஸில் 100 ஜிபி ஏற ஐந்தரை மணி நேரம். மொத்தத்தையும் டிக் செய்து ஒரே அடியாகத் தொடங்காதீர்கள், பகலில் உங்கள் பார்ட்டிக்கு வாட்ஸ்அப்பில் புரூஃப் போகாது. முதல் நாள் டேலி ஃபோல்டரை மட்டும் வைத்து டாஸ்க்கை ஓட்டுங்கள். அப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் அதே டாஸ்க்கில் இன்னொரு ஃபோல்டரைச் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். பதினைந்து ராத்திரியில் முடியும். நெட் பிளானையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். வரம்பில்லாதது என்று விற்கும் பல ஃபைபர் பிளான்களில் மாதம் 3.3 டிபி என்று சின்ன எழுத்தில் இருக்கும், அப்லோடும் அதில் சேர்த்தி.

பி2 பக்கம் இரண்டு சின்ன விஷயம். பக்கெட்டின் லைஃப்சைக்கிள் அமைப்பில் கடைசிப் பதிப்பை மட்டும் வை என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஹைப்பர் பேக்கப் கழித்த பழைய துண்டுகளையும் பி2 தன் கணக்கில் வைத்துக்கொண்டு காசு கேட்கும். அந்த ஒரு பக்கெட்டுக்கு மட்டும் செல்லும் தனி அப்ளிகேஷன் கீ எடுத்து அதை நாஸில் கொடுங்கள், மாஸ்டர் கீயைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. ரூட்டரில் 5000, 5001 போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறீர்களா, வீட்டிலிருந்து டிசைன் பார்க்க? இருந்தால் இன்றே மூடுங்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணம் பறிக்கும் வைரஸ் இப்படி இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளாகப் பார்த்துப் பூட்டி, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. நம்முடையது வேறு பிராண்டு என்று நிம்மதி வேண்டாம், 2014-இல் சினோலாக்கர் வந்தது உங்கள் பிராண்டுக்குத்தான்.


வரவுசெலவு | 15 ஜூன் 2024

திருநெல்வேலியில் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். டெக்னிக்கலாக எனக்கு ஒன்றும் தெரியாது, 12 ஜிபி டேலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பிரஸ் பிரைவேட் லிமிடெட்டா, பார்ட்னர்ஷிப்பா? கம்பெனியாக இருந்தால், கணக்குப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் வைப்பவர்கள் அதன் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் வைக்க வேண்டும். முன்பு அவ்வப்போது என்று இருந்த விதியை 2022 ஆகஸ்டில் தினமும் என்று மாற்றினார்கள். அமெரிக்காவில் ஒரு காப்பி கூடுதலாக இருப்பதில் தவறில்லை, அது மட்டும் போதாது. பார்ட்னர்ஷிப் என்றால் இந்த விதி உங்களைத் தொடாது.

இன்னொன்று, வெளிநாட்டு சேவைக்குக் காசு கட்டினால் ஜிஎஸ்டி எண் உள்ளவர்கள் ரிவர்ஸ் சார்ஜில் 18 சதவீதம் தாங்களே கட்டி, பிறகு கிரெடிட் எடுத்துக்கொள்ள வேண்டும். 720 ரூபாய்க்கு 130 ரூபாய்தான், ஆனால் மாதாமாதம் அந்த பில்லை ஆடிட்டருக்கு அனுப்புங்கள். மார்ச் கடைசியில் பன்னிரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுக்காதீர்கள், ப்ளீஸ்.


வண்ணாத்திக்குளம் | 16 ஜூன் 2024

பேட்ச்கார்டு அண்ணன் ஆறு டாலர் என்கிறார். அமேசானில் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் என்று இருக்கிறது, டிபிக்கு மாதம் ஏறக்குறைய ஒரே டாலர். ஏன் யாரும் சொல்லவில்லை?


பேட்ச்கார்டு | 16 ஜூன் 2024

வைக்க ஒரு டாலர், எடுக்க எவ்வளவு என்று பார்த்தீர்களா? அதில் போட்டதை வேண்டும் என்று கேட்டால் 12 மணி நேரத்தில் எடுத்து வைப்பார்கள், மலிவு வழியில் கேட்டால் 48 மணி நேரம். எடுத்து வைத்ததை வெளியே இறக்க அமெரிக்க ரீஜனில் ஜிபிக்கு 9 சென்ட் சுற்றி, மும்பையில் அதைவிடக் கூட. 1.43 டிபிக்கு நூறு டாலருக்கு மேல் போகும். போட்டதை 180 நாளுக்குள் அழித்தாலும் காசு. பூட்டி வைத்துப் பத்து வருஷம் தொடாத சாமான்களுக்கு அருமையான இடம். ஆடி மாதத்தில் 'நேற்று இருந்த ஃபைல் எங்கே' என்று கத்தும் ஆபீஸுக்கு அது சரிப்படாது.

நேற்று எழுத மறந்தது ஒன்று. கார்டு. 2021 அக்டோபரிலிருந்து தானாகப் பிடிக்கும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி விதி மாறியதில், வெளிநாட்டுக் கம்பெனிகளின் மாதாந்திர சார்ஜ் பல கார்டுகளில் சத்தமில்லாமல் நின்றது. என் வாடிக்கையாளர் ஒருவருக்கு மூன்று மாதம் பணம் போகவில்லை, எச்சரிக்கை மெயில் எல்லாம் வேலையை விட்டுப்போன ஒருவரின் ஐடிக்கு வந்துகொண்டிருந்தது. கண்டுபிடித்தபோது கணக்கு முடக்கத்தில் இருந்தது, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் டேட்டாவே போயிருக்கும். நாலு எம்பிபிஎஸ் லைனில் ஒரு மாதம் ஏற்றியது. அதனால் பில் மெயில், சித்தப்பாவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று இரண்டு ஐடிக்கு வரட்டும். மாதம் 5-ஆம் தேதி பணம் போனதா என்று கண்ணால் பாருங்கள். பால் கார்டு பார்ப்பது போல.


பிளேட்ரூம் | 16 ஜூன் 2024

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. பார்ட்னர்ஷிப்தான் மேடம், சித்தப்பாவும் அப்பாவும். போர்ட் திறந்துதான் இருந்தது. பேட்ச்கார்டு அண்ணன் எழுதியதைப் படித்த பத்தாவது நிமிடம் மூடிவிட்டேன். மூடுவதற்கு முன் லாகைப் பார்த்தேன், பார்த்திருக்கவே கூடாது: 'அட்மின்' என்ற பெயரில் லாகின் முயற்சி பக்கம் பக்கமாக இருந்தது. இந்தப் பெட்டிக்கு இவ்வளவு கிராக்கி இருப்பது எங்களுக்கே தெரியாது.

லாக்கர் யோசனை சித்தப்பாவுக்குப் பிடித்துவிட்டது. சித்திக்குத்தான் பிடிக்கவில்லை. நாளை ராத்திரி டேலியோடு தொடங்குகிறேன்.


பேட்ச்கார்டு | 16 ஜூன் 2024

நல்லது. ஏறி முடித்ததும் இங்கே வந்து 'ஆச்சு' என்று எழுதக் கூடாது. ஒரு ஃபோல்டரை கிளவுடிலிருந்து வேறு இடத்துக்கு இறக்கி, நாஸையே பார்க்காத ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.


பிளேட்ரூம் | 12 ஜூலை 2024

ஆல்பம் வேலை நடுவில் ஒரு மணி நேரம் கிடைத்தது, எழுதிவிடுகிறேன்.

ஏறுவதற்கு பதினாறு ராத்திரி ஆனது. தினமும் பிளேட் ரூமைப் பூட்டும் முன் ஒரு வருஷத்து ஃபோல்டரைச் சேர்த்துவிட்டுப் போவது, காலையில் வந்ததும் மெஷினுக்குப் பூ வைக்கும் முன் பச்சை டிக் வந்திருக்கிறதா பார்ப்பது. இரண்டு ராத்திரி கரண்ட் போனது. யூபிஎஸ் அரை மணி நேரம் இழுத்துவிட்டு பெட்டியை ஒழுங்காக அணைத்தது, டாஸ்க் தோற்றுப்போனதாகக் காட்டியது, அடுத்த ராத்திரி விட்டதிலிருந்து பிடித்துக்கொண்டது. முதல் பில் முழு மாதத்துக்கு இல்லை, நாள் கணக்கில் 4 டாலருக்குக் கொஞ்சம் மேல். மலையடிவாரம் சொன்ன 8 டிபி டிஸ்க்கும் வாங்கியாச்சு. சனிக்கிழமை ராத்திரி காப்பி, ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்கு என் பைக் டேங்க் கவரில் போகிறது.

இப்போது பேட்ச்கார்டு அண்ணன் கொடுத்த வீட்டுப்பாடம். 2018 டெய்லி காலண்டர் ஃபோல்டர், 48 ஜிபி. கிளவுடிலிருந்து இறக்க ஒரு மணி ஐம்பது நிமிடம். ஃபைல் எண்ணிக்கை சரி, அளவு சரி. அதை அந்தப் புதுப் பையனின் கம்ப்யூட்டரில் போட்டேன். போன வாரம்தான் ஃபார்மட் செய்தது, அதனால் சுத்தமானது. முதலில் போட்டோஷாப் ஃபைல்கள். முருகன் வேலோடு அப்படியே வந்து நின்றார். சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு "சரிடா" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

அப்புறம் கோரலில் தேதித் தாளைத் திறந்தேன். ராகுகாலம், எமகண்டம், குளிகை, சூலம் எல்லாம் வரும் கட்டம். கட்டம் இருந்தது, கோடு இருந்தது, சிவப்பில் தேதி எண் இருந்தது. தமிழ் ஒன்றுகூட இல்லை. ராகுகாலம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஏதோ கிடந்தது. 365 தாளும் அப்படித்தான்.

ஃபைல் கெடவில்லை. யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் ஃபாண்டில் அடித்தது அது, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த ஃபாண்ட். ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அடியில் இருக்கும் ஆங்கிலம் தலை காட்டும். ஃபாண்டுகள் நாஸில் என்றைக்குமே இருந்ததில்லை. சீனியர் டிசைனர் அண்ணனின் விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் இருக்கின்றன, இருபது வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. இத்தனை நாளும் தேதித் தாளை அவர்தான் திறப்பார், அதனால் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு ஹார்டு டிஸ்க் போயிருந்தால், 1.43 டிபியும் பத்திரமாக அமெரிக்காவில் இருக்க, எங்களிடம் ராகுகாலம் இருந்திருக்காது.

நேற்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து 640 ஃபாண்டையும் நாஸுக்கு எடுத்தோம். எந்த வருஷத்து ஜாபுக்கு எந்த ஃபாண்ட் என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி, அதையும் போட்டோ எடுத்துப் போட்டாச்சு. முடிந்த ஜாபுகளில் எழுத்தை கர்வ்ஸாக (ஃபாண்ட் இல்லாமலே தெரியும் வடிவமாக) மாற்றிய ஒரு பிடிஎஃப்பும் கூடவே வைப்பது என்று இந்த ஆல்பத்திலிருந்து பழக்கமாக்கியிருக்கிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். பஞ்சாங்கக் கட்டத்தை அடிக்கும் பழைய சாஃப்ட்வேர் ஒன்று அதே கம்ப்யூட்டரில் இருக்கிறது. பின்னால் ஒரு டாங்கிள் (சாஃப்ட்வேருக்குச் சாவி மாதிரியான சின்னக் கருவி) செருகினால்தான் ஓடும். விற்ற கம்பெனிக்கு போன் போட்டால் அந்த நம்பரே இப்போது இல்லை. அண்ணன் டாங்கிளைத் தினமும் சாயங்காலம் கழற்றி மேஜை டிராயரில் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போகிறார். பேட்ச்கார்டு அண்ணே, இதை எந்த கிளவுடில் ஏற்றுவது?